ஈரம் வற்றும் வரை

புளிய விளாரை வளைத்து இரு முனையிலும் சணல் கயிறு கட்டினால் சிறுவர்களுக்கு ஒரு வில் கிடைத்துவிடும். காலையில் செய்த வில் மாலைக்குள் சோர்ந்து, கயிறு தொளதொளத்துத் தொங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெரியவர்களின் வரலாற்று எண்ணமும் இந்த அனுபவத்தின் மேல்தான் நிற்கிறது. பச்சைக் கிளையில் செய்தது விளையாட்டுச் சாமான் அல்லது ஆதி மனிதனின் முதல் முயற்சி. அடிமரத்தைப் பிளந்து ஆண்டுக்கணக்கில் காயவைத்துச் செய்ததே உருப்படியான வில். முன்னது படிக்கட்டின் கீழ்ப்படி, பின்னது மேல்படி. இந்தப் படிக்கட்டை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கிளையா அடிமரமா, பச்சையா காய்ந்ததா என்ற தேர்வு அறிவு வளர வளர மாறியதாகச் சான்றுகள் காட்டவில்லை. மரத்தின் ஈரம் வற்றுவதற்கு வேண்டிய காலத்தை யார் எங்கே வைத்துக் காத்தார்கள், எத்தனை வில் தேவைப்பட்டது என்ற கணக்கே அதைத் தீர்மானித்தது.

முதலில் ஈரத்தைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறோம். வில்லுக்கு அந்தக் கேள்வி போதாது, வளைந்தது திரும்புமா என்றும் கேட்க வேண்டும். பச்சை மரம் தாராளமாக வளையும், ஆனால் வளைத்த இடத்திலேயே பாதி நின்றுவிடும். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவும் விறைக்கவும் தொடங்குகிறது. வில்லுக்கு ஏற்றது 8 முதல் 12 சதவீதம். முழுக் கட்டையாகப் போட்டுவைத்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே நிற்க, இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் கட்டை நீளவாக்கில் வெடிக்கும். இதற்குத்தான் ஆண்டுக்கணக்கான பொறுமை. அதே கட்டையைப் பச்சையாக இருக்கும்போதே வில்லின் கனத்துக்குக் கிட்டத்தட்டச் செதுக்கி, முனைகளில் கொழுப்போ பிசினோ பூசி நிழலில் தொங்கவிட்டால் சில வாரங்களில் சீராகக் காய்ந்துவிடும். பச்சையில் செதுக்கலாம், காயும் வரை வளைக்கக் கூடாது: கிளை வில்லின் சூட்சுமம் இவ்வளவுதான். சிறுவர்களின் வில் தோற்பதற்குக் கிளைமேல் பழி போடுவது அநியாயம். வெட்டிய அன்றே நாண் பூட்டியதுதான் குற்றம்.

கிளைக்கும் இளங்கன்றுக்கும் இன்னொரு வசதி உண்டு. வில்லை இழுக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகு நீண்டு விறைக்கிறது, அவர் பக்கம் இருக்கும் வயிறு நசுங்குகிறது. முதுகில் ஓடும் நார் ஓரிடத்தில் அறுபட்டிருந்தாலும் அங்கிருந்து சிலும்பு கிளம்பி வில் முறியும். மரத்தில் நீரோட்டம் உள்ள பருவத்தில் வெட்டினால் பட்டை வார்வாராகக் கையோடு உரிந்து வரும். உள்ளே வழவழப்பாகத் தெரிகிற அந்தப் பரப்பில் ஒரு நார்கூட அறுபட்டிருக்காது. முதுகு தயாராகவே கிடைக்கிறது. செதுக்க வேண்டியது வயிற்றுப்பக்கத்தை மட்டும். கணு வந்தால் அதைச் சமமாகச் சீவாமல், சுற்றிலும் சிறு மேடு விட்டுப் போக வேண்டும். கல்லாயுதம் வைத்திருந்தவனுக்கு இது எத்தனை பெரிய லாபம் என்று நினைத்துப் பார்க்கலாம். பச்சை மரத்தைச் சிக்கிமுக்கிக் கல் சீவும். நன்றாகக் காய்ந்த கெட்டி மரத்தில் அதே கல்லின் வாய் உதிரும். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944-ல் எடுத்த எல்ம் மர விற்கள் சுமார் 9,000 ஆண்டுப் பழமையானவை. பெருமரத்தைப் பலகையாகப் பிளந்தவை அல்ல அவை. சிறு விட்டமுள்ள தண்டில், பட்டைக்கு அடுத்த பரப்பையே முதுகாக வைத்துச் செய்தவை. பிடி குறுகி, அதன் இருபுறமும் உள்ள கைகள் தட்டையாக அகன்று, முனையை நோக்கி மெலிந்து போகும் அந்த வடிவைக் கண்டபின் அறிவு முதிராதவர்களின் வேலை என்று சொல்ல வாய் வராது.

படிக்கட்டுக் கோட்பாட்டுக்குச் சாதகமான சான்று ஒன்று இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்ட, நாம் ஏட்சி என்று அழைக்கும் மனிதன், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். அவனுடைய வில் யூ மரத்தில், அதுவும் அடிமரத்திலிருந்து எடுத்த கட்டையில் ஆனது. ஆக, காலம் செல்லச் செல்லக் கிளையிலிருந்து அடிமரத்துக்கு ஏறினார்கள் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த வில் முடியாத வில். 1.82 மீட்டர் நீளமுள்ள கட்டை முழுக்கக் கோடரிக் கொத்துகள் வரிசையாகத் தெரிகின்றன. இழைத்து வழவழப்பாக்கவில்லை, நாண் மாட்ட வெட்டு போடவில்லை. அம்புக்கூட்டில் 14 அம்புகள் இருந்தன, இறகு கட்டி முடித்தவை இரண்டே, அவையும் உடைந்தவை. மீதிப் பன்னிரண்டும் புதர்ச் செடியின் நீண்ட தளிர்க்கொம்புகளைச் சீவிய வெறும் தண்டுகள். விலங்கின் தசைநாரில் முறுக்கிய கயிறு ஒன்றும் கூட்டுக்குள் இருந்தது. அவ்வளவு உயரத்தில் யூ வளராது. பள்ளத்தாக்கில் வெட்டிய கட்டையைச் சுமந்தபடி, போகிற வழியில் செதுக்கிக்கொண்டு போயிருக்கிறான். பனியில் ஐயாயிரம் ஆண்டு ஊறிய கட்டையின் பழைய ஈரத்தை அளக்க வழியில்லை, ஆகவே அது பச்சையா காய்ந்ததா என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். பட்டறையும் கிடங்கும் இல்லாமல், ஒருவன் தன் ஒரு வில்லைத் தானே செய்துகொள்ளும் முறை அடிமரத்துக்கும் பொருந்தும் என்பதை அது காட்டுகிறது. இரண்டு வழியும் தெரிந்திருந்த உலகம் அது.

கிளை வில்லால் நிஜமான வேட்டை முடியுமா என்ற சந்தேகத்துக்குத் தொல்லியலைத் தேடிப் போக வேண்டியதில்லை. தான்சானியாவில் எயாசி ஏரியைச் சுற்றி வாழும் ஹாட்சா வேடர்கள் நேரான கிளையை வெட்டி, பட்டையைச் சீவி, கத்தியால் மெலித்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி வில் செய்கிறார்கள். குறுக்கு வெட்டில் பார்த்தால் அது உருண்டையாகவே இருக்கும், கிளையின் உருவம் மாறவில்லை. அதை முழுதாக இழுக்கச் சராசரியாக 30 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். இம்பாலாவும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் அந்த வில்லுக்கு விழுகின்றன. பெரிய விலங்குக்கு அம்பில் நஞ்சு தடவுவதுண்டு. நம் ஊர் நர்சரிகளில் தொட்டியில் வைத்து விற்கிறார்களே அடீனியம், அதே இனத்துச் செடியின் சாற்றிலிருந்தும் அந்த நஞ்சு காய்ச்சப்படுகிறது. இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். ஹாட்சாக்கள் இன்றைய மனிதர்கள், இரும்புக் கத்தி வைத்திருப்பவர்கள், அவர்களைக் கற்காலத்தின் நகலாக நிறுத்துவது தவறு. சரிதான், அப்படி நிறுத்தவும் இல்லை. பச்சைக் கிளை, நெருப்பு, ஒரு கத்தி இவற்றிலிருந்து பயனுள்ள வில் வருமா என்ற தொழில்நுட்பக் கேள்விக்கு மட்டும் அவர்களின் வில் விடை. நெருப்பில் வாட்டுவது நேராக்குவதற்கு மட்டுமல்ல, காயும் காலத்தைச் சுருக்குவதற்கும்தான். இத்தனைக்குப் பிறகும் அது சோர்ந்துபோனால் காட்டில் இன்னொரு கிளை இருக்கிறது.

கிளைக்கு எதிரான வழக்கை மிகத் தெளிவாக வைத்தவர் ரோஜர் ஆஸ்கம் என்ற ஆங்கிலேய அறிஞர், பின்னாளில் முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்தவர். வில்வித்தை பற்றி 1545-ல் வெளிவந்த அவருடைய ‘டாக்ஸோஃபிலஸ்’ நூல், வில்லுக்கு மரம் கிளை, இளங்கன்று, அடிமரம் என மூன்று வழியில் வரும் என்று பிரிக்கிறது. கிளையில் கணு அதிகம், பலம் குறைவு, சீக்கிரம் நாணின் பக்கமாக வளைந்தே நின்றுவிடும். இளங்கன்று சில சமயம் நன்றாக அமையும். அடிமரமே சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. மரத்தைப் பற்றி அவர் சொன்னதில் பிழை இல்லை. மரத்தில் இருக்கும் நாளெல்லாம் கிளை ஒரு பாரந்தாங்கி. மேல்புறம் இழுபட்டும் கீழ்ப்புறம் நசுங்கியும் வளர்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்க உருவான மரப்பகுதி காயும்போது மற்றதைவிட நீளவாக்கில் அதிகம் சுருங்கும், கிளை திருகிக்கொள்ளும். கேள்வி அதுவல்ல, ஆஸ்கம் யாருக்காக எழுதினார் என்பது. நூலை அவர் காணிக்கையாக்கியது எட்டாம் ஹென்றி மன்னருக்கு. அதே ஆண்டு ஜூலை 19-ல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ கப்பலிலிருந்து பிற்காலத்தில் 170-க்கும் மேற்பட்ட யூ விற்களும் 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் எடுக்கப்பட்டன. விற்கள் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். இழுக்க வேண்டிய பலம் 45 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு மேல் வரை மதிப்பிடப்படுகிறது. கவசம் அணிந்த எதிரியைத் தொலைவிலிருந்தே தடுக்கும் பாரவில் அது. அதைக் கிளையில் செய்ய முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். யூவின் வெளிப்புற வெள்ளை மரம் இழுவிசையைத் தாங்கும், உள்ளிருக்கும் வைரம் அழுத்தத்தைத் தாங்கும். கணுவில்லாத அடிமரத்தில்தான் இரண்டும் ஒரே நீளத்துக்குச் சேர்ந்து கிடைக்கும். ஆனால் இது அரசின் தேவை. அரசின் தேவையை வில்லின் இயல்பு என்று எழுதிவைத்ததில்தான் படிக்கட்டு பிறந்தது.

அந்தத் தேவை என்ன விலை கேட்டது என்பதற்கு ஆவணங்கள் உண்டு. இங்கிலாந்தில் நல்ல யூ போதவில்லை. 1472-ல் நான்காம் எட்வர்டின் சட்டம், வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் ஒவ்வொரு பெரும்பீப்பாய் அளவுச் சரக்குக்கும் 4 வில்கட்டை கொண்டுவர வேண்டும் என்றது. 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட், ஒரு பீப்பாய் மால்ம்சி ஒயினுக்கு 10 கட்டை என்று உயர்த்தினார். ஒயின் குடிக்க வேண்டுமானால் மரம் வெட்ட வேண்டும் என்ற நிலை! 100 கட்டைக்கு 2 பவுண்டு இருந்த விலை 8 பவுண்டுக்கு ஏறி, 1510-ல் வெனிஸ்காரர்கள் 16 பவுண்டு கேட்டார்கள். கட்டைகள் ஆல்ப்ஸ் அடிவாரக் காடுகளிலிருந்து வந்தன. யூ மெல்ல வளரும் மரம். வில்லுக்கு உதவும் பருமன் வர மனித ஆயுள் போதாது. 1507-லேயே புனித ரோமானியப் பேரரசர் யூ வெட்டுவதை நிறுத்தும்படி பவேரியக் கோமகனைக் கேட்டுக்கொண்டார், வியாபாரத்தின் லாபம் கேட்கவில்லை. 1532-ல் யூ வியாபாரத்துக்கு ஏகபோக உரிமை தந்தபோது, அத்தனை மரம் இருந்தால் என்ற நிபந்தனை சேர்ந்துகொண்டது. 1562-ல் பவேரிய அரசே பேரரசருக்கு நீண்ட விண்ணப்பம் அனுப்பியது. யூவை மட்டும் தேடித்தேடி வெட்டுவதால் காட்டின் கூரை பிளந்து, உள்ளே புகும் காற்று அக்கம்பக்கத்து மரங்களையும் சாய்க்கிறது என்பது அதன் முறையீடு. 1568-ல் சாக்சனி கேட்டும் உரிமை வழங்கப்படவில்லை, வெட்ட யூ இல்லை. இங்கிலாந்து தன் வில்வீரர்களைத் துப்பாக்கிக்கு மாற்றும் ஆணையைப் பிறப்பித்தது 1595-ல். மரம் தீர்ந்ததால்தான் வில் போனது என்று நான் சொல்ல வரவில்லை; துப்பாக்கிக்குப் பழக்க ஆகும் காலம் குறைவு என்பது பெரிய காரணம். ஆனால் வில்லாளியைப் பழக்கவும் மரத்தை வளர்க்கவும் ஆண்டுகள் வேண்டும் என்ற இரட்டைச் செலவை எந்தக் கஜானாவும் நெடுநாள் தாங்காது.

அரசு மரத்தைப் பார்க்கும் பார்வை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணம் ஆயுதக் கிடங்கைப் பற்றிப் பேசும்போது விற்களைப் பொருளை வைத்துப் பிரிக்கிறது: பனையில் செய்தது கார்முகம், மூங்கிலில் செய்தது கோதண்டம், தாருவில், அதாவது மரத்தில், செய்தது துரூணம், விலங்கின் கொம்பில் செய்தது தனுசு. பட்டியலின் தலையில் பனை நிற்பதைக் கவனிக்க வேண்டும். பனைக்குக் கிளையே கிடையாது. வைரம் ஏறிய அடிமரத்தைப் பிளந்துதான் எடுக்க வேண்டும். கிடங்கில் அடுக்கக்கூடிய, ஒரே அளவாக வெட்டக்கூடிய பொருள்களே அங்கே முன்னுக்கு வருகின்றன. நாணுக்கு அதே நூல் மருள், எருக்கு, சணப்பு என்று பெரும்பாலும் பச்சைச் செடிகளின் நாரை நாடுகிறது.

இவ்வளவும் சொன்னபின் ஓர் ஆட்சேபம் மிஞ்சுகிறது: அடிமரமும் நீண்ட காத்திருப்பும் அரசோடுதான் வரும் என்றால், அரசில்லாத மக்களிடம் அவை இருக்கக் கூடாதே? ஏட்சியின் கட்டை அடிமரம் என்பதால் பாதிப் பதில் முன்பே வந்துவிட்டது. மீதிப் பதில் அமெரிக்காவின் மேற்கு நெவாடாவில் நிற்கிறது. அங்குள்ள பழங்குடி மக்கள் ஜூனிபர் மரத்தில் நார் நேராக ஓடும் பக்கத்தைத் தேர்ந்து, வில்லின் நீளத்துக்கு மேலும் கீழும் இரண்டு குறுக்கு வெட்டுப் போட்டார்கள். நடுவில் இருக்கும் பட்டிக்கு நீரோட்டம் அறுந்துவிடும். வேரில் நிற்கும் மரத்திலேயே, பின்னால் தன் மரத்தைப் பற்றியபடி, அது வெடிக்காமல் திருகாமல் சில ஆண்டுகளில் காயும். பிறகு நெம்பிக் கழற்றி எடுத்துப்போவார்கள். மரம் சாகாது, புண்ணின் ஓரத்தில் புது மரம் கட்டி, நார் மறுபடி நேராக ஓடும், பிறகு அதே மரத்தில் இன்னொரு கட்டை எடுக்கலாம். ஃபிலிப் வில்க் என்ற மானிடவியலாளர் இந்த மரங்களைப் பற்றி 1988-ல் எழுதினார். ஒரே மரத்தில் பல தழும்புகள் இருப்பதும், கட்டை எடுத்த பள்ளத்தின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கல்லாயுதத்தின் பழைய கொத்துகள் தெரிவதும் உண்டு.