மெரீஸ் புத்தகமும் மூன்று மடங்கு பென்ஷனும்

கம்ப்யூட்டரைப் பற்றி இந்தக் கிழவன் எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். குமாஸ்தா உத்தியோகத்தின் கடைசிப் பத்து வருடம் அதோடுதான் மல்லுக்கட்டினேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஆங்கிலக் கையேடுகள் எனக்கு எப்போதும் திணறல்தான். தொண்ணூறுகளின் கடைசியில், பாரீசிலிருந்து லீவில் வந்த அக்காள் மகன் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். தர்தியூ, ரோஷ்ஃபெல்ட், கொலெத்தி என்ற மூவர் 1983இல் வெளியிட்ட 'மெரீஸ் முறை'.

எழுபதுகளின் கடைசியில் பிரெஞ்சு அரசின் தொழில் அமைச்சகம் ஆதரித்து வளர்த்த முறை அது. மெரிசியே என்பது காட்டுச் செர்ரி மரம். ஒட்டுப் போட்டால்தான் நல்ல பழம் தரும், அதனால் இந்தப் பெயர் என்று ஒரு கதையும் சொல்வார்கள். ஐ.பி.எம்.மில் இருந்த காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970இல் எழுதினார். 1976இல் அமெரிக்காவில் பீட்டர் சென், அட்டவணைக்கு முன்னால் பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் படமாகப் போடச் சொன்னார். தர்தியூ குழுவினரும் அதே எழுபதுகளில் பிரான்சில் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

மெரீஸில் முதல் படி கருத்துப் படம். அங்கே இயந்திரத்தின் பேச்சே கிடையாது. 'பென்ஷனர்' என்று ஒரு கட்டம், 'நாமினி' என்று ஒரு கட்டம், நடுவில் ஒரு வினைச்சொல். கோட்டின் மேல் '1,n', '1,1' என்று எண்கள்: ஒருவருக்குக் குறைந்தது எத்தனை, அதிகம் எத்தனை. அந்தப் படத்திலிருந்து அட்டவணைகளைப் பெற விதிகள் உண்டு. ஒன்றுக்குப் பல என்றால், பல இருக்கும் பக்கத்து அட்டவணையில் மற்றதன் எண்ணைச் சேர். இரு பக்கமும் பல என்றால் தனியாக ஓர் அட்டவணை போடு. விதி இருந்தால் அதை இயந்திரமே செய்யும்.

அப்படியானால் எதிர்த் திசையில்? அலுவலக மொழியில் கேட்கும் கேள்வியை எஸ்.க்யூ.எல்.லாக மாற்றுவதும் இயந்திரம் செய்யலாமே! 1990இல் பெர்னார் லியோத்தோ, தெனி பேய்ர் இருவரும் பிரான்சில் 'பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ்' தொடங்கியது இதற்குத்தான். மூளை ழான்-மிஷேல் காம்போ. விஷயம் தெரிந்த ஒருவர் அட்டவணைகளையும் இணைப்புகளையும் ஒருமுறை வரைந்து, புரிகிற பெயர் வைத்துவிடுவார். அதற்கு 'யூனிவர்ஸ்' என்று பெயர். பிறகு யாரும் 'வாடிக்கையாளர்', 'விற்பனைத் தொகை' என்று எடுத்துப் போட்டால் போதும். கேள்வியை அதுவே எழுதிக்கொள்ளும். 1994இல் நாஸ்டாக்கில் பட்டியலான அந்தக் கம்பெனியை 2007இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. சுமார் 480 கோடி யூரோவுக்கு விலை பேசியது. மெரீஸின் நேர் வாரிசு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளிக்கூட வாசனை தெரிகிறது என்பது என் எண்ணம்.

நாங்கள் அதையெல்லாம் கண்ணால் பார்த்ததில்லை. நான் இருந்த அலுவலகத்தில் ஒரு காண்டிராக்டர் கையால் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்தான். ஒரு வருடம் பென்ஷன் பட்டுவாடா டோட்டல் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது" என்று பக்கத்து ஸீட் நண்பருக்கு மெமோ கொடுத்து, இன்கிரிமெண்டையும் நிறுத்திவிட்டார்கள். அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம்.

மெரீஸ் புத்தகத்தைப் பார்த்து ஒரு தாளில் படம் போட்டேன். பென்ஷனரிலிருந்து ஒரு கை நாமினிகளுக்கு, இன்னொரு கை மாதப் பட்டுவாடாவுக்கு. மூன்று நாமினி, பன்னிரண்டு மாதம். மூன்றையும் ஒரே கேள்வியில் கோத்தால் 12 வரி வர வேண்டிய இடத்தில் 36 வரும். தொகை மூன்று மடங்கு. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ்காரர்கள் இந்தப் பொறிக்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். யூனிவர்ஸைச் சரியாக அமைத்தால் அது இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்டு, விடைகளைப் பிறகு சேர்க்கும். படம் இல்லாமல் எழுதியவருக்கு அது தோன்றவில்லை.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புரியவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து லெட்ஜரைப் பென்சிலால் கூட்டி வைத்தேன். அது புரிந்தது.

எட்டு மாதம் கழித்து நண்பருக்கு இன்கிரிமெண்ட் அரியர்ஸோடு வந்தது. அரியர்ஸ் கணக்கையும் அதே கம்ப்யூட்டரில்தான் போட்டார்கள். அதையும் ஒருமுறை பென்சிலால் கூட்டிப் பார்த்தேன்.