கடை இணையத்தளத்துக்கு ‘கிட்’: பழைய பிரதி தொலையாமல் இருக்க

சிறு கடைக்கான இணையத்தளத்தைப் பொதுவாக ஒருவரோ இருவரோதான் செய்து கொடுப்பார்கள். திருத்தத் திருத்த ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி-2’ என்று கோப்புகள் பெருகும். தீபாவளி விற்பனை நேரத்தில் பக்கம் கெட்டுப்போனால், லிட்டில் இந்தியா புடவைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வாரா, சரியாக ஓடிய பிரதியைத் தேடுவாரா?

இதற்கான வழிதான் பதிப்புக் கட்டுப்பாடு. அதிகம் புழங்கும் மென்பொருள் ‘கிட்’. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது, இலவசம்.

கணக்கேடு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. பதிவு தவறினால் தாளைக் கிழிக்க மாட்டார்கள். திருத்தத்தை அடுத்த பதிவாக எழுதுவார்கள். (லெபோ பினாங்கில் செட்டியார்கள் நடத்திய கிட்டங்கிக்கும் ‘கிட்’டுக்கும் உள்ள பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.) ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஒரு ‘கமிட்’, யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் இருக்கும். குறிப்பில் வெறுமனே ‘மாற்றம்’ என்று எழுதாமல் ‘பட்டுப் புடவை விலை திருத்தம்’ என்று எழுதுங்கள். ஒரு திருத்தம் பக்கத்தைக் கெடுத்தால் ‘ரிவர்ட்’ அதை மட்டும் விலக்கும். கிளை பிரிப்பதெல்லாம் தனியாள் வேலைக்கு உடனே தேவையில்லை.

மடிக்கணினியில் மட்டும் வைத்திருந்தால், அது தொலையும்போது வரலாறும் தொலையும். கிட்ஹப் போன்ற தளத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். 2020 ஏப்ரல் முதல் அதன் இலவசக் கணக்கிலேயே, எத்தனை பேருடனும் பகிரக்கூடிய தனிப்பட்ட களஞ்சியம் வைத்துக்கொள்ளலாம்.

பலர் சறுக்குவது வேர்ட்பிரஸ்ஸில்தான். பொருள், விலை, ஆர்டர் எல்லாம் தரவுத்தளத்தில் இருப்பவை. கோப்புகளை மட்டும் கவனிக்கும் கிட் அவற்றைத் தொடாது. தரவுத்தளத்துக்குத் தனிக் காப்புப்பிரதி எடுத்தே ஆக வேண்டும். கடவுச்சொல் உள்ள கோப்பைக் ‘கிட்இக்னோர்’ பட்டியலில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தவறி உள்ளே போனால், பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது கிடக்கும். கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

களஞ்சியம் யார் பெயரில் இருக்கிறது? தளம் செய்தவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போய்விட்டால், அவர் கணக்கில் உள்ள களஞ்சியத்தைக் கடைக்காரரால் திறக்க முடியாது. கடையின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, செய்பவரை அதில் சேர்ப்பதே முறை. ஏற்கெனவே செய்தவர் பெயரில் இருந்தால், அவர் கிட்ஹப் அமைப்புகளில் உரிமையைக் கடையின் கணக்குக்கு மாற்றித் தரலாம். பழைய பதிவுகள் அனைத்தும் கூடவே வரும்.