அசல், நகல், ஷரா

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவரின் மகள். அரபு முதுகலை முடித்து ஆராய்ச்சி செய்கிறாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு கற்றைக் காகிதம். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டுமாம். பட்டியலில் இருந்த அரபு நூல்களின் விவரங்களைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்திருந்தாள்.

"ஆங்கிலத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுங்க சார்."

எனக்கு அரபு தெரியாது. முப்பத்து மூன்று வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன், அவ்வளவுதான். முதல் பக்கத்திலேயே கண் நின்றுவிட்டது. ஏதோ ஒரு பழைய இலக்கண நூல்; பக்கத்தில் ஒரு பேராசிரியர் பெயர்; அதற்கு முன்னால் 'இன்வெஸ்டிகேட்டட் பை'. "என்னம்மா, இவர் போலீஸ் இன்ஸ்பெக்டரா?" என்றேன். சிரித்துவிட்டு, "அரபியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் சார். முஹக்கிக்" என்றாள்.

அங்கிருந்துதான் எங்கள் பாடம் ஆரம்பித்தது. யார் ஆசிரியர், யார் மாணவர் என்று கேட்காதீர்கள்.

'ஹக்' என்றால் உண்மை. அந்த வேரிலிருந்து வருவது 'தஹ்கீக்'. பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, பிழை களைந்து, இதுதான் ஆசிரியர் எழுதியது என்று நிலைநாட்டுகிற வேலை. அதைச் செய்பவர் முஹக்கிக். கெய்ரோவில் அகமது ஜக்கி பாஷா 1914இல் பதிப்பித்த 'கிதாப் அல்-அஸ்னாம்' போன்ற நூல்களில்தான் இந்தச் சொல் தலைப்புப் பக்கத்துக்கு வந்தது என்று அரபு அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பு கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் இருந்த அறிஞர்களுக்கு 'முஸஹ்ஹிஹ்', அதாவது திருத்துபவர் என்றுதான் பெயர்.

பிரதிகளை ஒப்பிடுவதற்கு 'முகாபலா' என்று பெயர், எதிரெதிரே வைப்பது. இன்றைய அரபியில் நேர்காணலுக்கும் அதே சொல். கணினி என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மனிதர் இரண்டு சுவடிகளைப் பேட்டி கண்டிருந்தார்! இன்னொரு இடத்தில் ஒரு பத்திரிகையின் தலைமை ஆசிரியர் 'விடுதலைத் தலைவர்' ஆகியிருந்தார். 'தஹ்ரீர்' என்றால் விடுதலை, பதிப்பாசிரியர் வேலை, இரண்டும் உண்டு. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நினைவிருக்கிறதல்லவா?

ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் வீட்டிலும் இதே கதைதான். அந்தக் காலத்துத் தமிழ் நூல்களின் முகப்பில் இன்னாரால் 'பரிசோதித்து'ப் பதிப்பிக்கப்பட்டது என்று போடுவார்கள். அது அப்படியே தஹ்கீக். ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, செல்லரித்த இடத்தில் யோசித்து யோசித்துக் கண் கெட்டுப்போன வேலை. இன்று அந்தச் சொல்லைக் கணினியில் போட்டால், நம் உ.வே.சா. இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தியவர் ஆகிவிடுவார். இப்போது நாம் 'பதிப்பாசிரியர்' என்கிறோம். பதித்தவர் என்பது தெரிகிறது. சோதித்தவர் என்பது தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1887ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரிசிரபுரம் மகாவித்துவானின் மாணவரான உ.வே.சா. சீவக சிந்தாமணியை வெளியிட்ட வருடம். சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டதும் அதே வருடம். அதே 1887இல் லண்டனில் எட்வர்டு சாக்கௌ என்ற ஜெர்மானியர் அல்-பிரூனியின் அரபு மூலத்தை அச்சிட்டார். ஏறக்குறைய 1030இல் நம் நாட்டைப் பற்றி எழுதப்பட்ட நூல். அதன் அரபுத் தலைப்பின் முதல் சொல்லே 'தஹ்கீக்'தான். இந்தியாவைப் பற்றிச் சொல்லப்படுகிறவற்றில் அறிவு ஏற்பது எது, தள்ளுவது எது என்று சரிபார்த்தல் என்பது தலைப்பின் பொருள். அடுத்த வருடம் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பெயர் 'அல்பெரூனிஸ் இந்தியா'. நானே எத்தனையோ வருடம் வகுப்பில் அந்தப் பெயரைத்தான் கரும்பலகையில் எழுதினேன். சரிபார்த்தல் என்ற சொல் அதில் இருந்தது, காணாமல் போனது என்பது போன வாரம்தான் தெரிந்தது.

அரபுப் பதிப்பு என்றால் எகிப்துதான் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாதில் 1888இல் தொடங்கிய 'தாயிரத்துல் மஆரிஃப்' எத்தனையோ அரிய அரபு நூல்களை அச்சிட்டது. பிரூனியின் 'அல்-கானூன் அல்-மஸ்ஊதி' மூன்று தொகுதிகளாக 1954 முதல் 1956 வரை வெளிவந்தது அங்கேதான். அந்தப் பெயருக்கு நேர்ப்பொருள் அறிவு வட்டம். கலைக்களஞ்சியத்துக்கும் அரபியில் அதே பெயர். ஆனால் அவர்களே ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டது 'உஸ்மானியா ஓரியண்டல் பப்ளிகேஷன்ஸ் பீரோ'. வார்த்தையை விட்டுவிட்டு, செய்கிற வேலையைச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் பட்டியலில் அது 'என்சைக்ளோபீடியா' ஆகிக் கிடந்தது!

தொகுதி என்றதும் நம் ஊர் ஞாபகம் வந்தது. ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சுக்கூடம் சங்கரர் நூல்களை 1910இல் 20 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. தொகுதிக்கு அரபியில் 'முஜல்லத்', அதாவது தோலால் கட்டியது. ஆங்கில 'வால்யூம்' லத்தீனில் சுருள். நமக்கோ தொகுத்ததுதான் தொகுதி.

நடுவில் காபி வந்தது. அவள் தன் அரபுக் குறிப்பேட்டைக் காட்டினாள். "இது அஸ்ல் சார், மூலப் பிரதி. இது அதிலிருந்து எடுத்த நக்ல்." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அசல், நகல்! நவாபு கச்சேரியின் பாரசீகத்தோடு வந்த அரபுச் சொற்கள். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ளும் சந்தா சாகிபு ஸ்ரீரங்கத்திலும் இருந்து மோதிய 1751-52 சண்டையைப் பாடம் நடத்தியவன் நான். 1801இல் கம்பெனி கர்நாடகத்தை எடுத்துக்கொண்டது. நவாபு போனார், கச்சேரிச் சொற்கள் போகவில்லை. அஸ்ல் என்றால் வேர். நாம் சொல்லும் மூலமும் வேர்தான். நக்ல் என்றால் இடம் மாற்றுவது. மொழிபெயர்ப்புக்கும் பழைய அரபியில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பள்ளிப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு நாங்கள் 'ஷரா' என்போம். பையன் நின்றுவிட்டால் அங்கே எழுதுவோம். அது அரபியின் 'ஷர்ஹ்', அதாவது உரை. நச்சினார்க்கினியர் செய்த வேலையின் பெயர் என் கையில் இத்தனை வருடம் 'நீண்ட விடுப்பு' என்று எழுதத்தான் பயன்பட்டிருக்கிறது.

சாயங்காலம் வரை உட்கார்ந்தோம். 'முஹக்கமா' என்று வந்த பத்திரிகைகளுக்கு 'ரெஃப்ரீட்' என்று போட்டோம். 'ஹகம்' என்றால் நடுவர்தான், ஆகவே பொருத்தம். 'தப்ஆ' மட்டும் தொல்லை கொடுத்தது. நம் 'பதிப்பு' போலவே அதுவும் புதுப் பதிப்பா, வெறும் மறு அச்சா என்று சொல்லாது. புத்தகத்தையே பார்க்காமல் தீர்க்க முடியாது என்று சில இடங்களில் கேள்விக்குறி போட்டு வைத்தோம்.

கடைசியில் அவளுடைய ஆய்வேட்டின் தலைப்பு. ஓர் அரபு நூலின் மூன்று கையெழுத்துப் பிரதிகளை நான்கு வருடம் ஒப்பிட்டிருக்கிறாள். தலைப்பின் கீழே அரபியில் 'திராசா வ தஹ்கீக்'. கணினி தந்தது 'ஸ்டடி அண்ட் இன்வெஸ்டிகேஷன்'. அதை அடித்துவிட்டு 'எடிட்டட் பை' என்று அவளே எழுதியிருந்தாள். "கமா, புள்ளி திருத்துறவங்களுக்கும் இதைத்தானே சார் சொல்றாங்க?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதையும் அடித்து, 'கிரிட்டிக்கல் எடிஷன் அண்ட் ஸ்டடி' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்து, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தமிழ்ப் புத்தகம் இருந்தால், முகப்பில் 'பரிசோதித்து' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யார் பெயர் என்று கீழே எழுதுங்கள்.