மங்களூர் வணிகரின் மடல்கள்

வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஆகும். அவை மன்னரின் வெற்றியையும் கொடையையும் பின்வருவோர் அறியவேண்டும் என்றே பொறிக்கப்பட்டவை. கடிதமோ ஒருவர் மற்றொருவருக்கு மட்டுமே எழுதுவது. அதனாலேயே கல் கூறாதவற்றைக் கடிதம் கூறுகிறது.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்னும் யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. இறைவன் திருப்பெயர் எழுதிய தாளை அழித்தலாகாது என்பது யூதர் மரபு. ஆதலின் பயன் தீர்ந்த தாள்களை அங்கே ஓர் அறையில் இட்டுவைத்தனர். அவற்றோடு கடிதங்களும் கணக்குகளும் சேர்ந்தன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தார். பின்னர் பேராசிரியர் கொய்ட்டெய்ன், இந்திய வணிகம் பற்றிய தாள்களைத் தேடித் தொகுத்தார்.

அவற்றுள் ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் மடல்கள் நம் நெஞ்சைத் தொடுவன. துனீசியாவின் மஹ்தியா நகரத்தவரான அவர், ஏடன் வழியாக வந்து, 1132 முதல் ஏறத்தாழ 17 ஆண்டுகள் நம் மேலைக் கடற்கரையில் வாழ்ந்தார். மிளகும் ஏலமும் பாக்கும் இரும்பும் ஏடனுக்கு அனுப்பினார். மங்களூரில் பித்தளைப் பாத்திரப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்து உடைந்த பாத்திரங்கள் வரும். இன்ன வடிவில் புதிதாகச் செய்தனுப்புக என்று உடன்வரும் கடிதம் குறிக்கும். ஏலக்காய்க்கு முன்பணம் பெற்றவர் சரக்குத் தராது ஏமாற்றிய செய்தியும் உண்டு. நண்பர்கள் அவருக்குச் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் எழுதுதாளும் அன்பளிப்பாக அனுப்பினர். எழுதுதாள் அன்பளிப்பாகும் அளவிற்கு அருமையாயிருந்ததை எந்தக் கல்வெட்டு நமக்குச் சொல்லும்?

1132இல் மங்களூரில், ஆஷு என்னும் அடிமைப் பெண்ணுக்கு அவர் விடுதலை ஆவணம் எழுதினார். அப்பெண்ணே அவர் மக்களின் தாய் என்று அறிஞர் கருதுவர்.

1148இல் சிசிலியின் நார்மானியர் மஹ்தியாவைக் கைப்பற்றினர். மறு ஆண்டு ஏடன் திரும்பிய பென் யிஜு, உடன்பிறந்தார் எங்குள்ளனரோ எனக் கலங்கி மடல் எழுதினார். தாம் ஈட்டிய பொருள் அனைவர்க்கும் போதும், வந்து சேருங்கள் என்றார். தம் மகளை உடன்பிறந்தாரின் மகனுக்கே தர விரும்பினார். பின்னர் அவருடைய மகன் யேமனில் இறந்தான். மகளோ 1156இல் எகிப்தில், அவர் உடன்பிறந்தான் மகனையே மணந்தாள். உடன்பிறந்தான் மகனுக்குப் பெண் கொடுத்தல் நம் முறையன்று. எனினும் பிறந்த மண்ணின் உறவு அறுந்துவிடக் கூடாதே என்னும் அந்த ஏக்கம், ஊரைவிட்டு வந்த நமக்குப் புதிதன்று.

அம்மடலில் மக்களைப் பற்றிய செய்தி உண்டு. ஆஷுவின் பெயர் இல்லை. ஆஷு எழுதிய மடல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. எழுதியவர் குரலே எஞ்சுகிறது. எழுதாதவர் பெயரளவில் நின்றுவிடுகின்றனர்.

நம் வீட்டுப் பெட்டிகளின் அடியிலும் தாயும் பாட்டியும் எழுதிய இன்லண்டு கடிதங்கள் உள்ளன. மழை பெய்ததும், நெல் விற்ற விலையும், யாருக்குத் திருமணம், யார் மறைந்தார் என்பதும் அவற்றில் உண்டு. வீடு மாறும்போது முதலில் எறியப்படுவன அவையே. எறியாது காத்தாலும், தமிழ் படிக்கக் கல்லாத பேரப்பிள்ளைகளுக்கு அவை வெறுந்தாள்களே. ஆகவே அவற்றைக் காப்போம். அவற்றைப் படிக்கும் எழுத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். ஆஷுவுக்கு வாய்க்காத பேறு நம் பாட்டியர்க்கேனும் வாய்க்கட்டும்.