வாயில வந்தது

திற்பரப்பில் ஒரு துஷ்டி வீட்டில் எங்க ஆச்சி ஒப்பாரி வைத்தாள். செத்தவரின் தென்னந்தோப்பு, கோதையாற்றில் அவர் குளித்த கடவு, தீராத கடன் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. "இத யாரு எழுதினது ஆச்சி?" என்று பிறகு கேட்டேன். "யாரு எழுத? வாயில வந்துது மக்கா" என்றாள்.

கேட்ட நொடியில் பாடுகிறவரை ஆசுகவி என்கிறது தமிழ் மரபு. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகைக் கவியில் அதுதான் முதல். இந்த 'ஆசு' வடமொழி வழி வந்தது, விரைவு என்று பொருள். தமிழில் ஆசு என்றால் குற்றம் என்றும் அர்த்தம் உண்டு. இரண்டும் ஒரே ஒலியில் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

எங்க மாவட்டத்து இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டி 'சதாவதானி' ஆனார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய படிப்பு அவருடையது. அந்த நொடிகளுக்குப் பின்னால் ஆண்டுகள் இருந்தன.

ஆச்சிக்குப் பின்னாலும் இருந்தன. எத்தனையோ துஷ்டி வீடுகளில் கேட்டு, அழுது, பழகின மெட்டு அது. அவளுடையதை 'வாய்க்கு வந்தபடி' என்றோம். அவளும் அதையே நம்பினாள்.

ஆச்சி செத்த அன்று ஒப்பாரி வைக்க யாருக்கும் வரவில்லை. மைக்செட்டில் பாட்டு போட்டோம்.