உரிமையாளரின் சாவி: சர்வர் தேர்வில் திறந்த மூல ஃபர்ம்வேர், அம்பத்தூர்–ஆவடி தொழில் வட்டாரத்தை முன்வைத்து

சென்னை அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. கடைசல் பட்டறைகளும் வாகன உதிரிபாக ஆலைகளும் நிறைந்த அந்த வட்டாரத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. என்டிடி, எஸ்டிடி நிறுவனங்களின் வளாகங்கள் அங்கே இயங்குகின்றன. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி ஆகியவற்றின் கூட்டு நிறுவனமான டிஜிட்டல் கனெக்சியன், 20 மெகாவாட் திறன் கொண்ட தன் மையத்தை 2024 ஜனவரியில் திறந்தது. இவற்றைச் சுற்றி ஆவடி, பூந்தமல்லி வரை பரவியிருக்கும் சிறுதொழில் கூடங்களிலும் ஒன்றிரண்டு சர்வர்களில் கணக்கும் சரக்கிருப்பும் வரைபடங்களும் இருக்கின்றன. ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்பவர்களுக்கு அந்த வரைபடங்களே முதல் சொத்து.

சர்வருக்குக் கொட்டேஷன் கேட்கும்போது கோர் எண்ணிக்கை, ரேம், விலை, வாரண்டி எல்லாம் ஒப்பிடப்படுகின்றன. இயந்திரத்தை எழுப்பும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. அதை மாற்றவும், தன் சாவியால் கையொப்பமிட்டு இயக்கவும் வாங்கியவருக்கு உரிமை உண்டா என்பதே சர்வர் தேர்வில் முதல் கேள்வியாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். மூலநிரல் திறந்திருப்பது அந்த உரிமைக்கு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது.

ஒரு சர்வர், இரண்டு ஃபர்ம்வேர்கள்

சர்வரின் மின்கம்பியைச் செருகியதுமே, பவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, மதர்போர்டில் ஒரு சிறு கணினி விழித்துக்கொள்கிறது. பிஎம்சி எனப்படும் மேலாண்மைச் சிப் அது. பல போர்டுகளில் ஏஸ்பீடு நிறுவனத்தின் ஏஎஸ்டி2500 அல்லது ஏஎஸ்டி2600 சிப் இந்த வேலையைச் செய்கிறது. அதற்கென்று தனி நினைவகம், தனி மென்பொருள், பெரும்பாலும் தனி லேன் போர்ட்டும் உண்டு. தொலைவிலிருந்தபடியே சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம், புதிய ஃபர்ம்வேரை ஏற்றலாம்.

அடுத்து விழிப்பது முதன்மைச் செயலி. 16 அல்லது 32 எம்பி அளவுள்ள ஃபிளாஷ் சிப்பிலிருந்து பூட் ஃபர்ம்வேரை எடுத்து, ரேமைப் பழக்கி, பிசிஐ சாதனங்களைக் கண்டறிந்து, அதன் பிறகே லினக்ஸையோ விண்டோஸையோ அழைக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும், இந்திய அரசு 2015-இல் அறிவித்த திறந்த மூல மென்பொருள் கொள்கையும் தந்த சுதந்திரம் இந்த இரு அடுக்குகளுக்கு மேலேதான் தொடங்குகிறது.

ஓட்டையை அடைப்பவர் யார்?

1985-இல் சுப்ரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்ஐ நிறுவனம் ஃபர்ம்வேர் துறையில் முன்னணியில் உள்ளது. சென்னையிலும் அதற்கு மேம்பாட்டு மையம் உண்டு. அதன் மெகாராக் பிஎம்சி மென்பொருளில், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டை 2025 மார்ச்சில் வெளியானது. சிவிஇ-2024-54085 என்ற எண் பெற்ற அதற்கு ஆபத்து மதிப்பீடு 10-க்கு 10. அது தாக்குதல்களில் பயன்படுவதாக அமெரிக்காவின் சிசா அமைப்பு அவ்வாண்டு ஜூனில் பட்டியலிட்டது. ஏஎம்ஐ திருத்தம் தந்தது. ஆனால் அத்திருத்தத்தை ஒவ்வொரு சர்வர் தயாரிப்பாளரும் தன் போர்டுக்கு ஏற்பச் சேர்த்து வெளியிட்டால்தான் பயனரை எட்டும். ஆதரவுக் காலம் முடிந்த போர்டுக்கு அது வராமலே போகலாம்.

திறந்த நிரலில் ஓட்டையே இராது என்று சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் வெளியான பிக்ஸிஃபெயில் ஓட்டைகள் ஒன்பதும் ஈடிகே-2 என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில்தான் இருந்தன. வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. நிரலைத் தானே கட்டியெழுப்பும் உரிமை உள்ளவர், நெட்வொர்க் பூட் தேவையில்லை என்றால் அப்பகுதியையே நீக்கிவிடலாம். மற்றவர் தயாரிப்பாளரின் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

எந்தப் போர்டு?

1999-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் தொடங்கிய லினக்ஸ்பயாஸ் என்ற திறந்த மூல பூட் ஃபர்ம்வேர், 2008-இல் கோர்பூட் எனப் பெயர் மாறியது. கோர்பூட்டை மூடிய நிரல் துண்டு எதுவுமின்றி இயக்கிய சர்வர் போர்டு ஏசுஸ் கேஜிபிஇ-டி16. ஆனால் அதன் ஆப்டெரான் செயலிகள் இன்றைய பணிக்குப் பழையவை. பவர்9 செயலி கொண்ட ராப்டர் நிறுவனத்தின் டாலோஸ்-2 மூலநிரலோடு வருகிறது. எக்ஸ்86 மென்பொருள்களை விடமுடியாத நிறுவனத்துக்கு அது உதவாது. இன்டெல் ஜியான் போர்டுகளில் கோர்பூட் ஓடினாலும், ரேமைத் தயார்செய்ய எஃப்எஸ்பி என்ற மூடிய துண்டு வேண்டும். ஏஎம்டி 2023-இல் அறிவித்த ஓப்பன்சில், தன் செயலிகளில் உள்ள இதே போன்ற தடையை விலக்கும் முயற்சி.

ஆகவே முழுத் தூய்மையைத் தேடி வாங்காமலே இருப்பதைவிட, மூன்று கேள்விகளால் சலித்தெடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

ஒன்று: பிஎம்சி-யில் ஓப்பன்பிஎம்சி என்ற திறந்த மூல மென்பொருள் ஓடுமா? வலைவழித் தாக்குதலுக்கு நேரே நிற்கும் அடுக்கு இது. திறந்த மூல மாற்று முதிர்ந்திருப்பதும் இங்கேதான்.

இரண்டு: இன்டெல் பூட் கார்டு அல்லது ஏஎம்டி பிஎஸ்பி வழியாகத் தயாரிப்பாளரின் சாவி சிப்பில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டுவிட்டதா? பொறித்தபின் வேறு ஃபர்ம்வேர் ஏறாது. இப்படிப் பூட்டப்படும் சில சர்வர்களில் ஒருமுறை இயங்கிய ஏஎம்டி எபிக் செயலி வேறு நிறுவனத்தின் போர்டில் பூட் ஆகாது. பழைய உதிரிபாகம் தேடி ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு இது நேரடி இழப்பு.

மூன்று: ஏற்றும்போது மின்சாரம் போய் ஃபர்ம்வேர் கெட்டால், வெளியிலிருந்து புரோகிராமர் கொண்டு ஃபிளாஷ் சிப்பை மீட்டெழுத முடியுமா?

ஒரு மறுப்பு

பத்துப் பேர் பணிபுரியும் பட்டறையில் ஃபர்ம்வேர் பொறியாளருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அத்தகைய நிறுவனம் தானே கோர்பூட் ஏற்ற முற்படக் கூடாது. வாரண்டியையும் தரவையும் இழக்க நேரிடலாம். ஓப்பன்பிஎம்சி-யைத் தயாரிப்பாளரின் ஆதரவோடு தரும் போர்டே அதற்குப் பொருத்தம். ஆனால் மாற்றும் உரிமையை வாங்கும் நாளிலேயே பெற்றுவிட வேண்டும். சாவி சிப்பில் பொறிக்கப்பட்ட பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அது திரும்பாது. இன்று அந்த உரிமையைப் பயன்படுத்தாதவரும், ஐந்தாண்டு கழித்துத் தயாரிப்பாளரின் ஆதரவு நிற்கும்போது வேறொருவரின் உதவியை நாடலாம்.

தனி நிறுவனம் கேட்டால் விற்பனையாளர் செவிசாய்க்காமல் போகலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா, உறுப்பினர்களுக்கென மாதிரிக் கொள்முதல் விதி ஒன்றை எழுதித் தந்தால் குரல் வலுப்பெறும். "ஃபர்ம்வேரை மாற்றவும் தம் சாவியால் கையொப்பமிடவும் வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு, சிப்பில் தயாரிப்பாளரின் சாவி பொறிக்கப்படலாகாது" என்ற இரண்டு வரி போதும். தொழில்முனைவோர் தம் அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அந்த வரிகளைச் சேர்க்க வேண்டும்.