பின்வாங்க அறியாத வண்டி

வண்டி எவ்வாறு முன்னே சென்றது என்பதை வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அது எவ்வாறு பின்னே வந்தது என்பதை அவை பெரும்பாலும் பேசுவதில்லை. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்கு ஏறிவரும் சாலையோரத்துச் சந்துகளிலும் களத்துமேடுகளிலும் பாரம் ஏற்றிய வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம், யாரேனும் ஒருவர் சக்கரத்தருகே நிற்க வேண்டியிருக்கிறது. அவர் நிற்கும் இடத்திலிருந்தே இவ்வரலாற்றைப் பார்க்க முயல்வோம்.

நம் முன்னோர் பாரம் சுமக்க நம்பியது இரண்டு சக்கர வண்டியை. சங்க காலத்து உமணர் உப்பேற்றிச் சென்ற வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்ததைப் புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகிறார். வழியில் அச்சு முறிவது அன்று அவ்வளவு இயல்பான நிகழ்ச்சி. பிற்காலத்தில் மரஅச்சின் இடத்தை இரும்பு இருசு பிடித்தது; 1930களில் காற்றடைத்த டயரும் வந்து சேர்ந்தது. ஆயினும் சக்கரங்கள் இரண்டே. இலவம்பஞ்சு மூட்டைகளை மலைபோல் அடுக்கிச் சென்ற வருசநாட்டு வண்டிகளும் அத்தகையனவே.

இதனை அறியாமை என்று கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒற்றை அச்சின்மேல் பாரம் சமன்பட்டு அமர்ந்துவிட்டால், மாடுகளை அவிழ்த்துவிட்டு, ஏர்க்காலை இருவர் பிடித்து, நின்ற இடத்திலேயே வண்டியை முழுவதும் திருப்பிவிடலாம். ஒரு சக்கரம் முன்னும் மறு சக்கரம் பின்னும் உருள, வண்டி தன் அச்சின் நடுவிலேயே சுழல்கிறது. பன்னிரண்டடிச் சந்துக்குள் வாழ்ந்த மக்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அச்சமநிலையைக் கண்ணாலேயே எடைபோட்டு மூட்டை அடுக்குவது வண்டிக்காரரின் கல்வியாக இருந்தது. எந்தப் பள்ளியிலும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை.

ஆனால் மாடு பூட்டியபடியே பின்னுக்கு எடுக்க நேர்ந்தால் துன்பம் தொடங்குகிறது. திமிலின் முன்னே சாய்ந்து கிடக்கும் நுகத்தடி, முன்னோக்கி இழுப்பதற்கென்றே அமைந்தது. மாடு பின்னடி வைக்கும்போது அது திமிலை விட்டு நழுவித் தலைப்பக்கம் வருகிறது. வண்டியின் முழு எதிர்ப்பையும் அப்போது பூட்டாங்கயிறும் கொம்பின் அடியுமே தாங்க வேண்டும். குதிரைக்குப் பின்தொடைகளைச் சுற்றி ஒரு வார் கட்டுவார்கள். அது அவ்வாரில் உடலைச் சாய்த்து வண்டியைத் தடுக்கவும் தள்ளவும் முடியும். மாட்டுக்கு அவ்வுதவி இல்லை. ஆகவே பாரவண்டி பின்வாங்க வேண்டுமாயின் ஆட்கள் இறங்கி, ஆரக்கால்களைப் பற்றிச் சக்கரத்தைத் தள்ளினார்கள். வழுக்கினால் முதலில் நசுங்குவது அவர்கள் கை.

மலையிறக்கமும் பொறியியல் கணக்கில் இதே செயல்தான். பாரம் பின்னிருந்து உந்துகிறது. மாடு தன் கழுத்தால் அதைத் தடுக்கிறது. 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை எழுந்தபோது, அம்மையநாயக்கனூர் இரயிலடியில் இறங்கிய பொருள்கள் மாட்டுவண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மலையடிவாரம் சேர்ந்தன. பென்னிக்குவிக்கின் பெயரை நம் பள்ளத்தாக்கு நன்றியோடு நினைவுகூர்கிறது, அது தகும். அந்த வண்டிகளை ஓட்டியவர்களின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1965ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு விதிகள் மாட்டின் அளவுக்கும் சக்கரத்தின் வகைக்கும் ஏற்பப் பாரத்துக்கு எல்லை வகுத்து, நெடிய ஏற்றங்களில் அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்கின்றன. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். இராமசாமி, 1970கள் தொட்டு நுகத்தடியைச் சீர்திருத்த வேண்டுமென்று வாதாடினார். அவரது குரல் ஊர்களை எட்டுமுன் டிராக்டர் எட்டிவிட்டது.

பாரம் பெருகினால் சக்கரம் நான்காக வேண்டும் என்பதை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே கண்டனர். மெசபொத்தாமியாவின் ஊர் நகரக் கல்லறைகளிலிருந்து லியோனார்ட் வூல்லி 1920களில் எடுத்த ‘ஊர் பதாகை’ எனும் சித்திரப் பலகையில் நான்கு சக்கர வண்டிகள் உள்ளன. அதன் காலம் கி.மு. 2500 அளவில். நம் விசுவாசத் தந்தை ஆபிரகாமின் நகரம் என்று விவிலியம் கூறும் அதே பெயர் கொண்ட நகரம் அது. ஆனால் அவ்வண்டிகளின் முன்னச்சு திரும்பியதாகத் தெரியவில்லை. இரண்டு அச்சும் இறுகியிருந்தால் வண்டி நேரே மட்டும் போகும். திருப்ப வேண்டுமாயின் சக்கரத்தைத் தரையோடு தேய்த்து இழுக்க வேண்டும்.

அது எத்தகைய பாடு என்பதைத் தேரோட்டம் கண்ட எவரும் அறிவர். தேனிக்கருகில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் தேர் நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் நிலை சேரப் பல நாள்கள் ஆகின்றன. தேர் திரும்புவது முட்டுக்கட்டையால். ஒரு சக்கரத்தின் முன் கட்டையைச் சரிவாக இட்டு, மறு சக்கரத்தை உருளவிட்டு, அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேராயினும், உருளும் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து கட்டையை இடுபவர் ஒருவரே. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் தடை பொருத்திய பின்னும் முட்டுக்கட்டைக்காரருக்கு வேலை போகவில்லை.

சுழலும் முன்னச்சு ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் பரவலாயிற்று. முன்னச்சின் நடுவே தடித்த ஆணியொன்றை இறக்கி, அச்சு முழுவதும் அதைச் சுற்றித் திரும்புமாறு அமைத்தார்கள். வண்டி திரும்பியது, ஆனால் கூர்மையாகத் திரும்பும்போது முன்சக்கரம் உட்புறம் போய்விடுவதால் வண்டி கவிழவும் தொடங்கியது. மூனிக் நகர வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் அச்சை அசையவிடாமல் சக்கரங்களை மட்டும் திருப்பும் முறையைக் கண்டார். 1818இல் அதற்கு இலண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். ஆகவே அவர் பெயரே நிலைத்தது. உழைத்தவன் ஒருவன், பெயர் ஒருவனுக்கு! இதே ஆக்கர்மன்தான் கடற்படைத் தளபதி நெல்சனின் உடலை 1806 சனவரியில் சுமந்து சென்ற இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்தவர். அதே ஆண்டு பெப்ருவரியில் தூத்துக்குடி பனிமய அன்னையின் தங்கத்தேர் முதன்முறையாக வடம் பிடிக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை.

இன்று காரும் பேருந்தும் ஆக்கர்மன் முறையில் திரும்புகின்றன. பழைய சுழலும் அச்சோ டிராக்டருக்குப் பின்னே பூட்டும் நான்கு சக்கர டிரெய்லரில் உயிர்வாழ்கிறது. வைகை அணையருகே சர்க்கரை ஆலை வந்தபின் கரும்பேற்றிய டிரெய்லர்கள் நம் சாலைகளில் பழகிய காட்சியாயின. இரண்டு சக்கர டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது எளிதில் கற்கத் தக்கது. அதன் வால் இடப்புறம் போகவேண்டுமாயின் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்ப வேண்டும். நான்கு சக்கரத்தில் மடங்கும் மூட்டு இரண்டு: டிராக்டரின் கொக்கி ஒன்று, சுழலும் அச்சின் ஆணி மற்றொன்று. வலம் இடமாகி, இடம் மீண்டும் வலமாகிறது. எனவே வால் இடப்புறம் போக ஸ்டியரிங்கும் முதலில் இடப்புறமே திரும்ப வேண்டும். உடனே மாற்றிப் பிடிக்கவும் வேண்டும். இழுக்கும்போது சிறு கோணல் தானே நேராகிவிடும்; தள்ளும்போது அதே கோணல் நொடிக்கு நொடி வளர்ந்து வண்டி மடங்கிக்கொள்ளும். பிறகு முன்னே போய் நேராக்கி மீண்டும் தொடங்குவதைத் தவிர வழியில்லை. கைதேர்ந்த ஓட்டுநர் சிலர் இதைக் கண்மூடித்தனமாகச் செய்வதுபோல் தோன்றும். மற்றவர்கள் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஆட்களைக் கொண்டு தள்ளுகிறார்கள்.

இரு பக்கமும் பிதுங்கி நிற்கும் கரும்பைத் தாண்டி ஓட்டுநருக்குப் பின்னே எதுவும் தெரியாது. எனவே பின்னால் ஒருவன் நின்று “வரட்டும், வரட்டும்” என்று குரல் கொடுக்கிறான். பெரும்பாலும் இளவயதினன், இரவு வேலை, டிராக்டரின் இரைச்சலில் அவன் குரல் பாதியே கேட்கும். டிரெய்லர் எந்தப் பக்கம் மடங்கும் என்பது ஓட்டுநருக்கே உறுதியில்லாத அந்த நொடியில், அவன் சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையே நிற்கிறான். கூலிக் கணக்கில் இவ்வேலைக்குத் தனிப்பெயர் கிடையாது.

சாமுவேல் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தில் இத்தகைய ஒருவரை நாம் சந்திக்கிறோம். உடன்படிக்கைப் பேழையைத் தாவீது புதிய வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார். அபினதாபின் மக்களான உசாவும் அகியோவும் வண்டியை நடத்துகின்றனர். மாடுகள் இடறுகின்றன, உசா கைநீட்டிப் பேழையைத் தாங்குகிறார், அங்கேயே மடிகிறார். குருமடத்தில் இறைவனின் தூய்மை எனும் தலைப்பில் இப்பகுதியைக் கற்றோம். வண்டி எனும் தலைப்பில் எவரும் கற்பிக்கவில்லை. பாரம் சரியும்போது கை நீட்டாத வண்டிக்காரன் உண்டா? தாவீதே சினமும் அச்சமும் கொண்டு மூன்று மாதம் பேழையைத் தம் நகருக்குள் கொண்டுவரத் துணியவில்லை என்று நூல் ஒளிக்காமல் கூறுகிறது. நமக்கு உசாவின் மேல் குற்றம் காண மனம் இடந்தருவதில்லை. பேழையை வண்டியில் ஏற்றியதே முதற்பிழை. எண்ணிக்கை நூலின் ஏழாம் அதிகாரத்தில், மோசே ஆறு வண்டிகளையும் பன்னிரண்டு மாடுகளையும் கேர்சோன், மெராரி புதல்வருக்குப் பகிர்ந்தளிக்கிறார். கோகாத்தின் புதல்வருக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை. தூயகப் பொருள்களைத் தோளில் சுமப்பது அவர்கள் பணி. பின்னர் தாவீதும் லேவியரைக் கொண்டு தோளிலேயே பேழையைச் சுமக்கச் செய்தார் எனக் குறிப்பேடு முதல் நூல் சான்று பகர்கிறது.

நம் ஊர்த் திருவிழாக்களில் சப்பரம் தோளில்தான் சென்றது. தோளுக்கு அச்சும் இல்லை, ஆணியும் இல்லை; முன்னே நடந்தவர்கள் அப்படியே பின்னே நடப்பார்கள். இப்போது மின்விளக்குச் சோடனையும் ஜெனரேட்டரும் சேர்ந்துகொண்டதால் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றுகிறோம். வருசநாட்டுப் பக்கத்துக் கிளைக் கிராமங்களில் முட்டுச் சந்துகள் மிகுதி. உள்ளே போன தேர் இருட்டில் சனக்கூட்டத்தின் நடுவே பின்னுக்கு வரவேண்டும். குழந்தைகள் சக்கரத்தைச் சுற்றியே நிற்பார்கள். ஆகவே நம் பங்கில், டிரெய்லர் சாலையிலேயே நின்றுவிடும். சந்து வாயிலில் சுரூபத்தை இறக்கிச் சிறு சப்பரத்தில் வைக்கிறோம். எட்டுப் பேர் தோள்கொடுத்து உள்ளே போய், கடைசி வீட்டு வாசலில் செபம் முடித்து, திரும்ப இடமின்றிப் பின்னடியாகவே வெளியே வருகிறார்கள்.